சலம் அடக்கேலாத வருத்தத்துக்கான குளிசைகள்: பெயர், எண், வடிவம் மூன்றையும் வாசிப்பது எப்படி

“தம்பி, போன மாசம் நாலு எண்டு போட்ட குளிசை தந்தவை. இந்த மாசம் ரெண்டுதான் கிடக்காம். அப்ப ரெண்டைச் சேர்த்துப் போட்டாச் சரிதானே?”

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. கணக்குச் சரி, குளிசைதான் பிழை. அவ முதல் மாதம் குடித்தது நாள் முழுக்க மெல்ல மெல்ல மருந்தை விடுகிற 4 மி.கி. கப்சூல். இப்போது கையில் இருந்தது சில மணி நேரத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும் சாதாரண 2 மி.கி. குளிசை. இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டால் பத்து மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், கண் மங்கும். பின்னேரம் பலன் வற்றி, பழையபடி கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் ஓட வேண்டி வரும். அவவுக்கு ஒரு கடையில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வன்னியில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு மாதம் கிளினிக்கில் மருந்து கிடைக்கும். அடுத்த மாதம் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். மாங்குளத்தில் இருக்கிற பெட்டி வேறு, கிளிநொச்சியில் இருக்கிற பெட்டி வேறு. குளிசையின் நிறம் மாறும், பெயர் மாறும், எண்ணும் மாறும். மருந்தாளராக நிற்கிற எனக்கு இந்த எண்களை விளங்கப்படுத்துவதிலேயே பாதி நேரம் போகிறது. எவ்வளவு குடிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது வைத்தியர். அவர் எழுதியதும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது உங்களாலும் முடியும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

முதற்படி: இது அந்த வருத்தம்தானா?

சலப்பையின் சுவர் ஒரு தசை. நிறையும் வரை அது தளர்ந்திருக்க வேண்டும். அரைவாசி நிறைய முன்னரே சுருங்கத் தொடங்கினால் “இப்பவே போக வேணும்” என்ற அந்தத் திடீர் அவசரம் வரும். பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போவது, இரவில் எழும்புவது, போய்ச் சேர முன்னரே கசிவது எல்லாம் அதன் கூட்டாளிகள். ஆனால் அடையாளம் அந்த அவசரம்தான். பரந்தனில் பஸ் மாற இறங்கினால் முதலில் கக்கூஸ் எங்கே என்று தேடுகிறவர்களும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவு தங்க முடியாது என்று போகாமல் விடுகிற பெண்களும் இதை வெட்கத்தால் வருடக்கணக்கில் சொல்வதில்லை.

ஆனால் அடிக்கடி சலம் போகிற எல்லாருக்கும் இந்த வருத்தம் இல்லை. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் இப்படித்தான் போகும். சலத்தில் கிருமித் தொற்று, கல், ஆண்களில் புரஸ்டேட் வீக்கம், கால் வீக்கத்துக்குக் கொடுக்கிற ஃபுரோசமைட் குளிசை, நாளுக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆகவே சலப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சீனி, தேவைப்பட்டால் சலம் போன பிறகு பையில் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கான் ஆகியவை குளிசைக்கு முன்னர் வர வேண்டும். கடைசியாகச் சொன்னது வயதான ஆண்களுக்கு மிக முக்கியம். பை காலியாகாமல் நிரம்பி வழிகிறவருக்குப் பையைத் தளர்த்தும் குளிசை கொடுத்தால் சலம் முழுதாகக் கட்டிவிடும். சலத்தில் இரத்தம் கண்டால் குளிசைப் பேச்சே வேண்டாம், நேரே வைத்தியரிடம் போங்கள்.

கிளினிக்குப் போக முன்னர் மூன்று நாளுக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு (பழைய அளவுக் கோப்பை ஒன்று போதும்), எப்போது கசிந்தது, என்ன குடித்தது. வைத்தியருக்கு அது பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. சலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் போகப் பழகுவது, தேத்தண்ணியைக் குறைப்பது ஆகியவற்றை ஆறு கிழமையாவது செய்து பார்ப்பதும் மருந்தில் பாதி. குளிசை தொடங்கிய பிறகும் அதை விடக்கூடாது.

இரண்டாம் படி: பெட்டியை வாசிப்பது

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதை விடுங்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும், கிளினிக் கொப்பியில் இருப்பதுடன் அதைத்தான் ஒப்பிட வேண்டும். அடுத்தது எண், மி.கி. கணக்கில். மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை: பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஈஆர், எக்ஸ்எல், எஸ்ஆர், எல்ஏ, எம்ஆர் போன்ற இரண்டு எழுத்துகள். இவற்றில் எந்த இரண்டெழுத்தாக இருந்தாலும் கருத்து ஒன்றுதான்: இது மெல்ல விடுகிற மருந்து, பெரும்பாலும் நாளுக்கு ஒன்று, உடைக்கக்கூடாது, மெல்லக்கூடாது, அரைக்கக்கூடாது. எழுத்து ஒன்றும் இல்லாவிட்டால் சாதாரணக் குளிசையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம், கேளுங்கள். சில மருந்துகள் மெல்ல விடும் வடிவில் மட்டுமே வருவதால் கம்பனி எழுத்தைப் போடாமல் விடுவதுண்டு.

மூன்றாம் படி: எந்த மருந்து, எந்த எண்

பழைய ஆள் ஒக்சிபியூட்டினின். சாதாரணக் குளிசை 5 மி.கி., சில இடங்களில் 2.5 மி.கி. உண்டு. வழமையாக 5 மி.கி. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, உச்சம் நான்கு தடவை. வயதானவருக்கு 2.5 மி.கி.யில் தொடங்குவார்கள். நடுவில் கோடு உள்ள 5 மி.கி. குளிசையைப் பாதியாக்கலாம். குடிக்க முடியாதவர்களுக்குப் பாணி மருந்தும் உண்டு, 5 மி.லீ.யில் 5 மி.கி. இதன் மெல்ல விடும் குளிசை 5, 10, 15 மி.கி. என்று மூன்று எண்ணில் வரும், நாளுக்கு ஒன்று. அந்த வகைகளில் சிலவற்றின் வெளிக் கூடு கரையாமல் மலத்தோடு முழுதாக வெளியேறும். “மருந்து செமிக்கேல்லை” என்று பதறிப்போய்க் குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து உடம்புக்குள் போய்விட்டது, வெளியே வந்தது வெறும் கூடு.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற பார்சல்களில் ஒக்சிபியூட்டினின் ஒட்டுப் பட்டையும் வருவதுண்டு. ஒரு நாளைக்கு 3.9 மி.கி. விடும் பட்டை அது. கிழமைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். குளிசை வயிற்றால் போய் ஈரலில் உடைகிறபோது உண்டாகிற கழிவுதான் வாயை அதிகம் காய வைப்பது. பட்டை ஈரலைத் தாண்டிப் போவதால் வாய் அவ்வளவு காயாது. பதிலுக்குத் தோல் கடிக்கும். வியர்வை ஊறுகிற நம்மூர் உடம்பில் அது ஒட்டி நிற்குமா என்பது வேறு கதை.

டொல்டெரோடின்தான் நான் தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்குக் காரணம். சாதாரணக் குளிசை 1, 2 மி.கி., நாளுக்கு இரண்டு தடவை. மெல்ல விடும் கப்சூல் 2, 4 மி.கி., நாளுக்கு ஒரு தடவை. இரண்டிலும் 2 என்ற எண் இருப்பதைக் கவனியுங்கள்! கப்சூல் 4 கிடைக்காமல் சாதாரண 2 கிடைத்தால் அதற்கு ஈடு காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு இல்லை. அந்த மாற்றத்தையும் வைத்தியர் கொப்பியில் எழுதித்தான் செய்ய வேண்டும்.

சொலிபெனசின் இவற்றில் எண்ணால் மிக இலகுவானது: 5 அல்லது 10 மி.கி., நாளுக்கு ஒன்று, சாப்பாட்டோடும் குடிக்கலாம், சாப்பிடாமலும் குடிக்கலாம். இதற்குத் தனியாக மெல்ல விடும் வடிவம் தேவையில்லை, மருந்தே உடம்பில் இரண்டு நாளளவு தங்குகிற சாதி. அதனால் 5 குடித்து அடுத்த நாளே பலன் காணவில்லை என்று 10க்குப் போவதில் அர்த்தமில்லை. மேலே பூச்சு உள்ள குளிசை, முழுதாக விழுங்க வேண்டும். புரஸ்டேட் மருந்தான டாம்சுலோசினுடன் சேர்த்த ஒரு குளிசையும் இருக்கிறது, அதில் சொலிபெனசின் 6 மி.கி., டாம்சுலோசின் 0.4 மி.கி. ஏற்கெனவே தனியாகச் சொலிபெனசின் 5 குடிக்கிற ஐயாவுக்கு இன்னொரு இடத்தில் இந்தக் கூட்டுக் குளிசையையும் எழுதிக் கொடுத்தால் அவர் நாளுக்கு 11 மி.கி. குடிப்பார், தனக்கே தெரியாமல். இரண்டு இடத்தில் மருந்து எடுக்கிறவர்கள் இரண்டு துண்டையும் ஒரே மேசையில் வைத்துக் காட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டரிபெனசின் 7.5, 15 மி.கி., மெல்ல விடுவது, நாளுக்கு ஒன்று. பெசோடெரோடின் 4, 8 மி.கி., அதுவும் அப்படியே. ட்ரொஸ்பியம் 20 மி.கி. இரண்டு தடவை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னர். சோற்றோடு போட்டால் பெரும்பகுதி உடம்பில் சேராது. மூளைக்குள் இலகுவில் நுழையாது என்பது அதன் சிறப்பு. ஃபிளவொக்ஸேட் 200 மி.கி. மூன்று தடவை. சலக் கடுப்புக்கு எழுதப்படுவதை அதிகம் பார்ப்பேன். அடக்கேலாத அவசரத்துக்கு அதன் பலன் குறைவு என்பது என் அபிப்பிராயமும்.

இதுவரை சொன்ன எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில் வேலை செய்பவை. சலப்பைத் தசைக்குச் “சுருங்கு” என்று நரம்பு அனுப்பும் செய்தியை இடையில் மறிக்கின்றன. அதே செய்தி எச்சில் சுரப்பிக்கும் குடலுக்கும் கண்ணுக்கும் வியர்வைக்கும் போவதால்தான் வாய் காய்கிறது, மலம் இறுகுகிறது.

மிராபெக்ரோன் வேறு வழி. அது தசையைத் தளரச் சொல்கிற இன்னொரு கதவைத் தட்டுகிறது. 25, 50 மி.கி., மெல்ல விடும் குளிசை, நாளுக்கு ஒன்று. வாய் காய்வதும் மலச்சிக்கலும் குறைவு, ஆனால் பிரஷர் ஏறலாம். 180க்கு 110 அளவில் கட்டுப்படாத பிரஷர் உள்ளவருக்கு இது ஆகாது. தொடங்க முன்னரும் பின்னரும் பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். இதயத்துக்கு மெட்டோப்ரொலோல் அல்லது டிஜொக்சின் குடிக்கிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மிராபெக்ரோன் அவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். இதன் தம்பி விபெக்ரோன், 75 மி.கி. என்ற ஒரே எண். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் அனுமதி பெற்றது. அதை மட்டும் அரைத்து மென்மையான உணவில் கலந்து கொடுக்கலாம்.

நான்காம் படி: உங்கள் சிறுநீரகத்தைக் கேட்டு எண்ணைக் குறைப்பது

வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பக்கங்களிலும் சிறுநீரக வருத்தம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். சிறுநீரகம் கடுமையாகப் பாதித்தவருக்குச் சொலிபெனசின் 5க்கு மேல் போகக்கூடாது, மிராபெக்ரோன் 25க்கு மேல் போகக்கூடாது. டொல்டெரோடின் பாதி அளவு, அதாவது சாதாரணக் குளிசையில் 1 மி.கி. இரண்டு தடவை அல்லது கப்சூலில் 2 மி.கி. ட்ரொஸ்பியம் 20 மி.கி. இரவில் ஒரே ஒரு தடவை. ஈரல் வருத்தத்திலும் இப்படி எண்கள் இறங்கும். ஆகக் கடைசியாக எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போட்டைக் கொப்பிக்குள் மடித்து வைத்திருங்கள். வீட்டு அலுமாரியில் இருக்கிற ரிப்போட்டால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

ஐந்தாம் படி: கூடக் குடிக்கிறவை

தடிமனுக்கு பிரிட்டோன் (குளோர்பெனிரமின்), நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு பென்ஸ்ஹெக்சோல், வயிற்று வலிக்கு ஹயோசின். இவை ஒவ்வொன்றும் அதே நரம்புச் செய்தியை மறிப்பவை. ஒன்றாகச் சேர்ந்தால் எண் சிறியதாக இருந்தாலும் கூட்டுத்தொகை பெரிதாகும். எழுபது தாண்டிய ஒருவர் திடீரென்று இடம் தெரியாமல் பேசினால், இராத்திரி எழும்பி மாட்டை அவிழ்க்கப் போனால், “வயசு போட்டுது” என்று சொல்ல முன்னர் குளிசைப் பையைக் கொட்டிப் பாருங்கள். உடல் தளர்ந்த வயதான பெண்களுக்குச் சாதாரண ஒக்சிபியூட்டினின் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவின் நைஸ் அமைப்பின் வழிகாட்டல் சொல்வதற்கு இதுதான் காரணம். கிளரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்ற மருந்துகள் சொலிபெனசின், டொல்டெரோடின் ஆகியவற்றை உடம்பில் தேங்க வைக்கும். அந்த நாட்களில் அளவு குறைய வேண்டும். கண்ணில் மூடிய கோணக் குளுக்கோமா உள்ளவரும், மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் சோர்ந்து பலமிழக்கும் வருத்தம்) உள்ளவரும் தொடங்கவே முன்னர் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: வெயில்

மருந்துத் தாளில் ஒரு வரியாகப் போகிற இந்த விசயம் நம்மூரில் பெரிய விசயம். முதல் வகை மருந்துகள், அதாவது நரம்புச் செய்தியை மறிப்பவை, வியர்ப்பதைக் குறைக்கும். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை. சிறுபோக வயலில் குனிந்து நிற்கிறவர், சோளகக் காற்றில் கச்சான் பிடுங்குகிறவர், மேசன் வேலைக்குப் போகிறவர் எல்லாருக்கும் தலைச்சுற்று, வாந்தி, தோல் காய்ந்து கொதிப்பது என்று வரலாம். சலம் வருமென்று பயந்து தண்ணீரையும் குறைத்திருப்பார்கள். அது இரட்டை ஆபத்து. தண்ணீரைக் குறைக்காதீர்கள், கடும் வெயிலை விட்டுக் காலையும் மாலையும் வேலை செய்யுங்கள். எண் கூட்டுவதென்றால் பங்குனி, சித்திரை வெயிலுக்குள் கூட்டலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வயல் வேலை செய்கிறவர் என்பதை நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

குளிசைக்கும் வெயில் ஆகாது. தகரக் கூரையின் கீழ் அலுமாரி மேல் தட்டிலோ மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ வைக்காதீர்கள். அட்டையிலிருந்து பிதுக்கிப் போத்தலில் கொட்டி வைப்பதும் வேண்டாம், அதில் எழுத்தும் போய்விடும்.

ஏழாம் படி: காத்திருப்பதும் அளப்பதும்

முதல் வகை மருந்துக்கு நான்கு கிழமை, மிராபெக்ரோனுக்கு எட்டுக் கிழமை வரை கொடுங்கள். பிறகு அதே மூன்று நாள் கொப்பியை மறுபடி எழுதி, பழையதோடு வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு தடவை ஒன்பதானால் அது வேலை செய்கிறது. முற்றாக நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒன்று ஒத்துவராவிட்டால் எண்ணைக் கூட்டுவது, அதே மருந்தின் மெல்ல விடும் வடிவத்துக்கு மாறுவது, வேறு மருந்துக்குப் போவது, சொலிபெனசினையும் மிராபெக்ரோனையும் சேர்த்துக் கொடுப்பது என்று வைத்தியருக்கு வழிகள் இருக்கின்றன. வாய் வரட்சிக்குப் பயந்து நீங்களாக ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தால் அவர் அடுத்த முடிவைப் பிழையான கணக்கில் எடுப்பார். மலம் இறுகினால் அதையும் சொல்லுங்கள். இறுகிய குடல் சலப்பையை அமத்தி, தீர்க்க வந்த வருத்தத்தையே கூட்டும்.

சலம் கட்டி அடிவயிறு வீங்கினாலோ, முகம் நாக்கு வீங்கினாலோ, கண்ணில் கடும் வலியோடு பார்வை மங்கினாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

இவை வேறு கதை

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் வன்னியில் பலர். அவர்களின் சலப்பை இயங்குகிற விதம் வேறு. சலப்பையில் அழுத்தம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அவர்களுக்கு மேலே சொன்ன மருந்துகளோடு குழாய் வைத்துச் சலம் எடுப்பதும், குளிசை போதாதபோது சலப்பைச் சுவருக்குள் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியும் தேவைப்படலாம். அந்த ஊசி சாதாரண அவசரத்துக்கு 100 அலகு, நரம்புப் பாதிப்பால் வந்ததற்கு 200 அலகு, பன்னிரண்டு கிழமைக்கு முன்னர் திரும்பப் போடக்கூடாது. அதன் பிறகு சிலருக்குக் கொஞ்ச நாளாவது தானே குழாய் வைக்க வேண்டி வரும் என்பதால் அதற்குச் சம்மதமா என்று முதலே கேட்பார்கள். இது சலரோக நிபுணரிடம் மட்டும் நடக்க வேண்டிய வேலை. இங்கே சலரோகம் என்றால் சீனி வருத்தம் என்று கிளினிக் மாறிப் போனவர்களும் உண்டு, ஆகவே துண்டில் “சிறுநீரக, சலப்பைச் சத்திரசிகிச்சை” என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு ஒன்று குடிக்கிற குளிசையை மறந்துவிட்டு அன்றே நினைவு வந்தால் குடியுங்கள். அடுத்த நாள்தான் நினைவு வந்ததென்றால் விட்டதை விட்டதாகவே வைத்து அன்றைய ஒன்றை மட்டும் குடியுங்கள். ஒட்டுசுட்டான் அம்மாவின் கொப்பியில் வைத்தியர் இப்போது மருந்தின் பெயர், எண், “சாதாரணம்” என்ற சொல், காலை ஒன்று, இரவு ஒன்று என்று நான்கையும் எழுதியிருக்கிறார். அவவின் பேத்தி அதை ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். இனிப் பெட்டி மாறினால் முதலில் அந்தப் படத்தைத்தான் என்னிடம் நீட்டுவாள்.